கொஞ்சம் தள்ளு, நான் காட்டுறேன்

சித்தப்பா கணினி முன்னால் உட்காரவே மாட்டார். உட்கார்ந்திருப்பவரின் தோளுக்குப் பின்னால் காபி டம்ளரோடு நிற்பார். நாம் எதையோ தட்டச்சு செய்துகொண்டிருப்போம். பின்னாலிருந்து "ப்ச்" என்று ஒரு சத்தம் வரும். அது வந்துவிட்டால் அன்றைய வேலை அதோடு சரி.

"காப்பி பண்றதுக்கெல்லாமா மவுஸை எடுப்பாங்க? கன்ட்ரோல் சி, கன்ட்ரோல் வி. எத்தனை தடவைடா சொல்றது?" அடுத்த வசனம் தமிழ்நாட்டில் எல்லா வீட்டிலும் ஒன்றுதான். "கொஞ்சம் தள்ளு, நான் காட்டுறேன்."

என் சொந்தச் சித்தப்பாவைத்தான் சொல்கிறேன் என்று உறவுக்காரர்கள் யாரும் முடிவுகட்ட வேண்டாம். இவர் பொதுச் சித்தப்பா. சில வீடுகளில் மாமா, சில அலுவலகங்களில் பக்கத்து மேஜை சீனியர், அடுக்குமாடிக் குடியிருப்புகளில் சங்கச் செயலாளர்.

மவுஸ் கைக்கு வந்ததும் முதல் காரியம் ரிஃப்ரெஷ். திறந்திருக்கும் ஜன்னல்களை எல்லாம் கீழே இறக்குவார். டெஸ்க்டாப்பில் காலி இடமாகப் பார்த்து ரைட் கிளிக் செய்து ரிஃப்ரெஷ் கொடுப்பார். உடனே இன்னொரு முறை. ஐகான்கள் ஒரு கணம் மறைந்து மீண்டும் தோன்றுவதைப் பார்த்து அவர் முகத்தில் ஒரு தெளிவு வரும். பிறகு மெனுவெல்லாம் எதற்கு என்று எஃப்5 விசையையே படபடவென்று அடிக்க ஆரம்பித்துவிடுவார். பிள்ளையார் கோயிலைத் தாண்டும் பஸ்ஸில் உட்கார்ந்தபடியே கன்னத்தில் போட்டுக்கொள்கிறவர்களைப் போல, அந்த விரல் அதுபாட்டுக்குச் செய்கிறது. வேலை தொடங்கும் முன் ரிஃப்ரெஷ், முடிந்ததும் ரிஃப்ரெஷ், நடுவில் யோசிக்க நேரம் வேண்டுமென்றால் அப்போதும் ரிஃப்ரெஷ். ஷட்டவுன் செய்வதற்கு முன் ஒரு ரிஃப்ரெஷ் எதற்கு என்று கேட்டேன். "சுத்தமா மூட வேண்டாமா?" என்றார்.

அந்த ரிஃப்ரெஷ் செய்கிற வேலை ஒன்றே ஒன்றுதான். திரையிலுள்ள ஐகான்களைத் திரும்ப வரைகிறது. புதிதாகச் சேமித்த கோப்பு கண்ணில் படாமல் இருந்தால் அதன்பிறகு படும், அவ்வளவுதான். மெமரி காலியாகாது, வேகம் கூடாது, வைரஸ் எதுவும் பயந்து ஓடாது. இதைச் சொன்னால் சித்தப்பா கோபப்பட மாட்டார், பரிதாபப்படுவார். "நீ செஞ்சு பாத்திருக்கியா? இப்ப பாரு, எவ்வளவு ஸ்மூத்தா இருக்கு!" உண்மையிலேயே இருக்கும். கணினியை ஆன் செய்ததும் பின்னணியில் பத்துப் பன்னிரண்டு நிரல்கள் எழுந்து வர நேரம் எடுக்கும். இவர் எஃப்5 அடித்துக்கொண்டிருக்கும் நேரத்தில் அவை எழுந்து முடிந்துவிடும். உழைத்தது அவை, பெயர் ரிஃப்ரெஷுக்கு.

இந்த வியாதி கைபேசிக்கும் பரவியிருக்கிறது. பின்னணியிலுள்ள செயலிகளை ஒவ்வொன்றாக மேலே தள்ளிவிட்டு, "பேட்டரி மிச்சம்" என்பார். 2016-லேயே ஆண்ட்ராய்டின் பொறுப்பிலிருந்த ஹிரோஷி லாக்ஹைமரும் ஆப்பிளின் கிரெய்க் ஃபெடரிகியும் இதனால் பேட்டரி மிச்சமாகாது என்று சொல்லிவிட்டார்கள். மூடிய செயலியை மறுபடி முதலிலிருந்து திறப்பதற்குத்தான் கூடுதல் செலவு. சித்தப்பா அந்த இருவரையும் ஏற்கவில்லை.

ஒரு பொங்கல் சமயம். ரயிலில் ஏசி வகுப்புக்குத் தத்கால் முன்பதிவு காலை 10 மணிக்கு. பெயர், வயது, கீழ்ப்படுக்கை எல்லாம் நிரப்பி, பணம் கட்டும் பக்கம் வரை வந்தாகிவிட்டது. 'இந்தப் பக்கத்தை ரிஃப்ரெஷ் செய்ய வேண்டாம், பின்னால் போக வேண்டாம்' என்று திரையில் எழுதியிருந்தது. சக்கரம் சுற்றிக்கொண்டிருந்தது. சுற்றுகிற சக்கரத்தைப் பார்த்தால் சித்தப்பாவுக்கு இருப்புக் கொள்ளாது. தோளுக்கு மேலாக ஒரு கை நீண்டது. எஃப்5. இப்படியொரு பக்கத்தை ரிஃப்ரெஷ் செய்தால் பிரவுசர் பழைய விவரத்தையே இன்னொரு முறை அனுப்பப் பார்க்கும், அந்தப் பக்கம் இருக்கிற தளமோ சந்தேகப்பட்டு நம்மை வெளியே தள்ளிவிடும். தள்ளியது. மறுபடி உள்ளே போவதற்குள் காத்திருப்போர் பட்டியல் மூன்று இலக்கத்தில் இருந்தது. "சர்வர் ஸ்லோ" என்று சொல்லிவிட்டு டம்ளரைக் கழுவப் போனார்.

ஈமெயில் ஃபார்வர்டு காலத்து அதிசயங்களும் இவரிடம் இன்னும் பத்திரமாக இருக்கின்றன. கணினியில் 'கான்' என்ற பெயரில், அதாவது சி-ஓ-என் என்று, ஃபோல்டர் போட முடியாதாம். மைக்ரோசாஃப்ட்டின் மொத்தக் குழுவுக்கும் காரணம் தெரியாதாம். கண்டுபிடித்தவர் ஓர் இந்தியராம். காரணம் மைக்ரோசாஃப்ட்டின் ஆவணத்திலேயே இருக்கிறது. டாஸ் காலத்தில் கீபோர்டும் திரையும் சேர்ந்த கன்சோலுக்கு வைத்த பெயர் அது. பிரின்டருக்கு வைத்த பி-ஆர்-என் என்ற பெயரிலும் ஃபோல்டர் போட முடியாது, பழைய நிரல்கள் குழம்பிவிடக் கூடாதே என்று இன்றுவரை விட்டுவைத்திருக்கிறார்கள். அடுத்தது நோட்பேடில் 'புஷ் ஹிட் த ஃபேக்ட்ஸ்' என்று ஆங்கிலத்தில் எழுதிச் சேமித்துத் திறந்தால் எழுத்தெல்லாம் கட்டம் கட்டமாக மாறும் மர்மம். விண்டோஸ் எக்ஸ்பியில் நிஜமாகவே மாறியது. அதற்கும் ஜார்ஜ் புஷ்ஷுக்கும் சம்பந்தமில்லை. நோட்பேட் அந்த எழுத்துகளை இரண்டிரண்டாகச் சேர்த்துச் சீன எழுத்தென்று தப்பாக ஊகித்தது. விஸ்டாவில் சரிசெய்துவிட்டார்கள். சித்தப்பா மட்டும் இன்னும் குரலைத் தாழ்த்தித்தான் சொல்கிறார்.

இப்படி எழுதுவதால் அவரால் பயனே இல்லை என்று நினைத்துவிடாதீர்கள். மின்வெட்டில் ரூட்டர் அணைந்து பிள்ளைகள் முகம் தொங்கிப்போனால் குரோமில் அந்தக் குட்டி டைனோசரை வரவழைத்து, ஸ்பேஸ் பாரைத் தட்டிக் கள்ளிச்செடிகளைத் தாண்ட வைப்பவர் அவர்தான். 2014-இல் குரோமில் வந்த விளையாட்டு அது. அதற்கு இணையம் போகவேண்டும் என்பதுகூட இல்லை, முகவரிப் பட்டையில் 'குரோம்', அடுத்து முக்காற்புள்ளி, இரண்டு சாய்கோடு, 'டைனோ' என்று ஆங்கிலத்தில் அடித்தாலே வரும் என்று கண்டுபிடித்துச் சொன்னவரும் அவரே. கூகுளில் 'டூ எ பேரல் ரோல்' என்று ஆங்கிலத்தில் தேடச் சொல்லி, பக்கமே ஒரு குட்டிக்கரணம் அடிப்பதைக் காட்டுவார். பிள்ளைகளைவிட அவர்தான் அதிகம் சிரிப்பார். அந்த நேரத்தில் அவர் மேல் யாருக்கும் கோபம் வராது. தவறுதலாக மூடிய பிரவுசர் டேபைத் திரும்பக் கொண்டுவரும் கன்ட்ரோல்-ஷிஃப்ட்-டி அவர் கொடுத்ததுதான். காப்பி செய்த பழைய துண்டுகளையெல்லாம் வரிசையாகக் காட்டும் விண்டோஸ்-வியும் அவர் கொடுத்ததே. தினமும் இரண்டையும் பயன்படுத்துகிறேன். நன்றி சொன்னால் இன்னும் ஐந்து கொடுப்பார் என்பதால் சொல்லவில்லை.

ஆனால் போன மார்ச் கடைசியில் நடந்ததை என்னால் சிரித்துத் தள்ள முடியவில்லை. என் மனைவி கணக்கர். ஆண்டுக் கணக்கு முடிக்கிற வாரம், வீட்டிலும் டாலி கணக்கு மென்பொருளைத் திறந்து வைத்துக்கொண்டு ரசீது வவுச்சர் போட்டுக்கொண்டிருந்தாள். மவுஸைத் தொடாமலேயே மணிக்கணக்கில் டாலியில் வேலை செய்கிறவள். பின்னால் "ப்ச்".

"ஸ்லோவா இருக்கேம்மா. இரு, ஒரு ரிஃப்ரெஷ் குடுத்துடறேன்."

"வேண்டாம் மாமா, இது டாலி."

"கம்ப்யூட்டர் எல்லாம் ஒண்ணுதாம்மா. கொஞ்சம் தள்ளு."

டாலியில் எஃப்5 என்றால் பேமென்ட் வவுச்சர். வரவு இருந்த திரையில் செலவு வந்து நின்றது. அவர் அசரவில்லை. "எல்லாத்தையும் செலக்ட் பண்ணி அழிச்சிடலாம்" என்று கன்ட்ரோல்-ஏ பக்கம் கையைக் கொண்டுபோனார். டாலியில் கன்ட்ரோல்-ஏ என்றால் இருக்கிறபடியே பதிவு செய் என்று அர்த்தம். மாமனார் முறை என்றும் பாராமல் அவர் மணிக்கட்டைப் பிடித்து நிறுத்தினாள் அவள். ஒரு நிறுவனத்தின் கணக்கு தப்பித்தது.

பெங்களூரில் மென்பொருள் எழுதுகிற தன் மகனிடம் சித்தப்பா ஒரு நாளும் "கொஞ்சம் தள்ளு" என்று சொன்னதில்லை. அவன் திருப்பிக் கேட்பான். மருமகள்களிடமும் பள்ளிப் பிள்ளைகளிடமும், பத்து வருஷம் பழகிய வேலையை அமைதியாகச் செய்துகொண்டிருக்கும் பெண்களிடமும்தான் சொல்வார். அவர்களுக்குத் தெரியுமா என்று ஒருமுறைகூடக் கேட்டதில்லை. இது எனக்குப் பிடிக்கவில்லை.

தேவையான இடத்தில் ஆளும் கிடைக்க மாட்டார். வங்கிக் கணக்கு முடக்கப்படும் என்று என் அப்பாவின் கைபேசிக்கு ஒரு லிங்க் வந்தபோது, அதை அமுக்காதீர்கள் என்றோ, பணம் போய்விட்டால் உடனே 1930-க்குக் கூப்பிடுங்கள் என்றோ சொல்ல இவர் வரவில்லை. ஃபோட்டோக்களுக்கு இன்னொரு பிரதி எடுத்து வை என்றோ, இரட்டைச் சரிபார்ப்பைப் போட்டு வை என்றோ யாரிடமும் சொன்னதில்லை. அதிலெல்லாம் திரை மினுங்காது, அதுதான் காரணம் என்று நினைக்கிறேன். பிரின்டர் வேலை செய்யவில்லை என்றாலும் ஒரே வைத்தியம்தான். "ஃபார்மேட் பண்ணிடலாம்."

இத்தனை குறுக்குவழி சொன்ன மனிதர் ஒன்றை மட்டும் எங்கள் வீட்டில் யாருக்கும் சொல்லித்தந்ததில்லை. அதை நான் சொல்கிறேன். விண்டோஸ் விசையோடு எல் எழுத்தைச் சேர்த்து அழுத்துங்கள். கணினி அந்த நொடியே பூட்டிக்கொள்ளும், கடவுச்சொல் இல்லாமல் திறக்காது, செய்துகொண்டிருந்த வேலையும் உள்ளே அப்படியே இருக்கும். வாசலில் அவர் செருப்பைக் கழற்றும் சத்தம் கேட்டதும் அழுத்திவிட்டு, காபி போடப் போங்கள்.