இருந்த இடத்துப் பெரியவர்

புதுச்சேரியில் பெரிய வாய்க்காலுக்கு மேற்கே, தாழ்வாரமும் திண்ணையும் வைத்துக் கட்டிய தமிழ் வீடுகள் இன்னும் கொஞ்சம் மிச்சமிருக்கும் வீதிகளில் சாயங்கால வேளையில் நடந்து செல்பவர் எவரும், வெளுத்த வேஷ்டியும் கை வைத்த பனியனும் அணிந்து, தோளில் ஒரு துண்டும், ஊரைத் தம் வசம் ஒப்படைத்துவிட்டு யாரோ சொல்லாமல் போய்விட்டாற்போன்ற ஒரு கவலையை முகத்திலும் தாங்கி வீற்றிருக்கும் ஒரு பெரியவரின் பார்வைக்குத் தப்ப முடியாது. இவர் ஒருவரே என்று எண்ண வேண்டாம். வீதிக்கு ஒருவராவது உண்டு. ஆனால் குணாதிசயம் எல்லோருக்கும் ஒன்றேயாதலால், ஒருவரைப் பற்றிப் பிரஸ்தாபித்தால் மற்றவர்களுக்கும் அது பொருந்தும்.

சனி ஞாயிறைக் கழிப்பதற்காகச் சென்னையிலிருந்தோ பெங்களூரிலிருந்தோ வந்து, வாடகை ஸ்கூட்டரில் ஏறி, ஒருவழிப் பாதைகளில் மூன்று முறை பிரதக்ஷிணம் செய்து களைத்த ஒரு வாலிபன், விதிவசத்தால் இவரிடம் ஒரு விடுதிக்கு வழி கேட்கிறான் என்று வைத்துக்கொள்வோம்.

"நேராப் போங்க தம்பி. மெத்தைக் கடை இருந்த இடம் வரும். அங்க சோத்தாங்கைப் பக்கம் திரும்பினா பெரிய டீச்சரம்மா வீடு இருந்த மனை. அதுக்கு எதிர்ல ஒரு வேப்பமரம் நின்னுச்சி பாருங்க, அதுக்கு ரெண்டு வீடு தள்ளி, சொல்தா வீட்டுக்குப் பக்கத்துல."

மெத்தைக் கடை மறைந்து வெகு காலமாயிற்று. டீச்சரம்மா மறைந்து அதற்கும் மேலாயிற்று. பிரெஞ்சு ராணுவத்தில் ஊழியம் செய்து பென்ஷன் வாங்கிய அந்த சொல்தாவின் சந்ததியார் பாரிஸில் இருக்கிறார்கள். வேப்பமரத்தின் ஸ்தானத்தில் மின்சார டிரான்ஸ்பார்மர் நிற்கிறது. வாலிபன் கைப்பேசியைப் பார்க்கிறான், பெரியவரைப் பார்க்கிறான், பிறகு, பெரியவர் மனம் நோகக்கூடாதென்று, அவர் காட்டிய திசையில் சிறிது தூரம் சென்று, அவர் கண்ணுக்கு மறைந்த பின் திரும்பிக்கொள்கிறான். அந்தத் தாக்ஷண்யம் உள்ளவரை இத்தேசத்து வாலிபர்களைப் பற்றி எனக்குக் கவலையில்லை.

இவருக்குப் புதிய விவரங்கள் தெரியாதென்று நினைப்பது பெரும் பிழை. மெத்தைக் கடைக்குப் பின் அங்கே ஸ்கூட்டர் வாடகைக்கு விட்டதும், அப்புறம் விறகடுப்பில் பீட்ஸா சுட்டதும், தற்சமயம் வாசனை மெழுகுவர்த்தி விற்பதும், மூவரும் கொடுத்த வாடகையும் இவருக்கு அத்துப்படி. ஆனால் அவர்களெல்லாம் வந்து போகிறவர்கள். மெத்தைக் கடைக்காரரே அந்த இடத்துக்குச் சாசுவதமானவர் என்பது இவருடைய சித்தாந்தம்.

இப்படிப்பட்டவருக்குப் புதுச்சேரியைப் போல வசதியான ஊர் வேறெங்கும் வாய்க்காது. இங்கே நேரு வீதி முன்பு துய்ப்ளேக்ஸ் வீதியாக இருந்தது. கூபேர் அவென்யூ என்னும் கடற்கரைச் சாலை கூர் ஷப்ரோலாக இருந்தது. கல்வே சுப்பராய செட்டி வீதியை வைசியாள் வீதி என்றுதான் ஊரார் அழைக்கிறார்கள். துய்ப்ளேக்ஸின் சிலைகூட, முதலில் நின்ற இடத்தை விட்டு, இப்போது கடற்கரையின் தென்கோடியில் நிற்கிறது. 1952-ம் ஆண்டுப் புயலில் அழிந்த பழைய இரும்புப் பாலத்தின் மேல் கப்பல் சரக்கு இறங்கிய காட்சியை, அப்போது தொட்டிலில் கிடந்த இவர், கண்ணால் கண்டதுபோல் வர்ணிப்பார். அதற்குத் தெற்கே பின்னால் கட்டியது இவருக்குப் 'புதுப் பாலம்'. அதுவும் 2022-ல் நடுவே இடிந்து விழுந்துவிட்டது. இருந்தாலும் புதுப் பாலம் புதுப் பாலந்தான்.

அனந்தரங்கப் பிள்ளை 1736 முதல் 1761 வரை, இந்தத் துறைக்கு வந்த கப்பலையும் சரக்கையும் வதந்தியையும் தம் நாட்குறிப்பில் எழுதிவைத்தார். நம்மவர் அந்தப் பரம்பரையின் மறுபாதி; ஊரை விட்டுப் போனவற்றுக்கு மட்டும் கணக்கு வைத்திருக்கிறார். பிள்ளையவர்கள் காலமான சில தினங்களுக்குள் பட்டணம் ஆங்கிலேயர் வசமாகி, பிறகு அவர்களால் தரைமட்டமாக்கப்பட்டது. கோட்டை இருந்த இடம், கவர்னர் மாளிகை இருந்த இடம், கடைவீதி இருந்த இடம் என்று ஊர் முழுவதுமே இவருடைய பாஷைக்கு வந்துவிட்ட அந்தப் பொற்காலத்தில் இவர் பிறக்காமற்போனது துரதிருஷ்டமே.

அந்த அதிருஷ்டம் சிறிய அளவில் ஒரு முறை இவருக்கும் வாய்த்தது. கடற்கரைச் சாலையில் பிரெஞ்சுக்காரர் கட்டிய மேரி என்னும் நகர மண்டபம், 2014 நவம்பர் மாதக் கடைசியில், மழையில் ஊறி இடிந்து விழுந்தது. ஊரார் வருந்தினார்கள், இவரும் உண்மையாகவே வருந்தினார். ஆயினும் அந்த வாரம் முழுவதும் இவர் பேச்சில் ஒரு கம்பீரம் ஏறியிருந்ததை மறைப்பதற்கில்லை. 'மேரி இருந்த இடம்' என்பதை இவரைப் போல் உச்சரிக்கத்தக்கவர் ஊரில் வேறு ஒருவரும் இல்லை. அப்புறம் அரசாங்கம் ஒரு காரியம் செய்தது. பழைய உருவம் சிறிதும் பிசகாமல் மேரியை மறுபடி கட்டி, 2021-ல் திறந்துவிட்டது! மேரி இருந்த இடத்தில் மேரியே இருக்கிறது என்னும் விபரீதத்தை எப்படிச் சொல்வதென்று இவர் பல நாள் தடுமாறினார். தூணைத் தட்டிப் பார்த்தார். சுண்ணாம்பின் மினுமினுப்பு போதாதென்றார். கடைசியில், "மேரி இருந்த இடத்துல மேரி மாதிரி ஒண்ணு கட்டியிருக்காங்க" என்று தீர்ப்புச் சொல்லிய பிறகே இவருக்கு ராத்திரி தூக்கம் வந்தது.

வீதியின் சீரழிவுக்கெல்லாம் மூலகாரணம் காபிக் கடைகள் என்பது இவர் துணிபு. ஒரு குவளை காபிக்கு இருநூற்றுச் சொச்சம் வாங்கும் அநியாயத்தையும், ஆட்டுக்கல்லில் தண்ணீர் ஊற்றித் தாமரை மிதக்கவிடும் அவலத்தையும் மணிக்கணக்காகக் கண்டிப்பார். அந்தக் கண்டனத்தை இவர் எந்தத் திண்ணையில் அமர்ந்து செய்கிறாரோ, அந்தத் திண்ணைக்குப் பின்னாலேயே ஒரு காபிக் கடை இருக்கிறது. அது இவருடைய சொந்த வீட்டின் முன்கட்டு. வாடகை மாதம் ஐந்தாம் தேதிக்குள் வந்துவிடுகிறது. தாமரை மிதக்கும் ஆட்டுக்கல்லும் இவர் தாயார் அரைத்ததுதான். தாம் பின்கட்டில் குடியிருந்துகொண்டு, மாலை ஆறிலிருந்து எட்டு மணி வரை திண்ணை தமக்கே உரியதென்று ஒப்பந்தத்தில் ஒரு ஷரத்து எழுதி வாங்கியிருக்கிறார். கடைக்காரப் பெண்ணுக்கும் அதில் நஷ்டமில்லை. வருகிறவர்கள் ஆட்டுக்கல்லைப் படம் எடுத்த கையோடு இவரையும் எடுத்துக்கொள்கிறார்கள்.

சென்ற மாதம் அந்தப் பெண், "ஐயா, சனிக்கிழமை மட்டும் திண்ணையில ரெண்டு மேசை போட்டுக்கட்டுமா?" என்று விநயமாகக் கேட்டாள். இவர் ஷரத்தை எடுத்துக் காட்டினார். முன்னோரின் கீர்த்தியை விஸ்தரித்தார். திண்ணையில் படுத்துறங்கிய வழிப்போக்கர்களின் சரித்திரத்தையும் சொன்னார். முடிவில் வாடகையில் ஒரு தொகையை உயர்த்திக்கொண்டு சம்மதித்தார். சனிக்கிழமைகளில் இப்போது இவரை எதிர்வீட்டுத் திண்ணையில் காணலாம். அவ்வீட்டுக்காரர் இன்னும் யாருக்கும் வாடகைக்கு விடாத சாது.

"இந்த வீதி முன்ன மாதிரி இல்லப்பா" என்று ஆரம்பித்து, நெடுநேரம் பெருமூச்சு விட்டபின், குரலைத் தாழ்த்தி அவரிடம் இவர் சொல்கிறார்: "உன் வீடு நம்ம வீட்டைவிட முகப்பு அகலம். வந்து கேட்டாங்கன்னா, பத்து மாச முன்பணத்துக்குக் கீழ எறங்காத."