பிரிந்தால் கேளுங்கள்

கே: தையல்களில் சிறந்தது எது? – கடலூர் வாசகர்

ப: பிரியாதது.

கே: ரவிக்கையின் பக்கவாட்டில் டெய்லர் எதற்கு மூன்று வரி தையல் போடுகிறார்? ஒன்று போதாதா? – கும்பகோணம் வாசகி

ப: போதும், இன்றைய அளவிலேயே ஆயுள் முழுக்க இருப்பதாக நீங்கள் சத்தியம் செய்தால்! உங்கள் சுற்றளவோடு வரப்போகும் தீபாவளிப் பலகாரத்தையும் சேர்த்துத்தான் அவர் அளவெடுக்கிறார். உள்ளே ஓர் அங்குலம் துணி விட்டு, வரிவரியாக ஓட்டி வைக்கிறார். கல்யாணம் ஆயிற்றா, ஒரு வரியைப் பிரி. குழந்தை பிறந்ததா, இன்னொன்றைப் பிரி. கடைசி வரிக்கு வந்துவிட்டால் டெய்லரை விட்டு டாக்டரைப் பாருங்கள். ரெடிமேட்காரன் என்ன செய்கிறான்? ஓவர்லாக் மெஷினில் தைக்கும்போதே கத்தி ஓரத்தை நறுக்கித் தள்ளிவிடுகிறது. பிரிக்க என்ன மிச்சம்? (ரெடிமேட் எனக்கு ஆகாது. போன வாரமும் சொன்னேன், அடுத்த வாரமும் சொல்வேன்.)

கே: லுங்கியை மூட்டிக் கட்டுவதா, மூட்டாமல் கட்டுவதா?

ப: உங்கள் ஊரில் காற்று எப்படி?

கே: ஜீன்ஸ் தையல் மட்டும் எப்படி அவ்வளவு கெட்டி? – மதுரை வாசகர்

ப: இரண்டு ஓரங்களையும் ஒன்றுக்குள் ஒன்று மடித்து மாட்டி, மேலே இரண்டு வரி ஓட்டுகிறார்கள். வெட்டிய ஓரம் வெளியே தலைகாட்டாது, நூலும் பிரியாது. ஆனால் 1873-இல் லெவி ஸ்ட்ராஸும் ஜேக்கப் டேவிஸும் காப்புரிமை வாங்கியது பாக்கெட் மூலையில் அடித்த ரிவெட்டுக்கு. டேவிஸ் தொழில்முறை டெய்லர். நூலை நம்பாமல் ஆணி அடித்த டெய்லர்!

கே: சிஃபான் துணியில் ஓரம் நார்நாராகப் பிரிகிறதே?

ப: பிரெஞ்சுத் தையல் போடச் சொல்லுங்கள். நல்ல பக்கம் வெளியே இருக்க ஒரு தையல், ஓரத்தை ஒட்ட நறுக்கி, துணியைத் திருப்பி இன்னொரு தையல். பிசிறு உள்ளே சிறைப்பட்டுவிடும். கூலி கூடக் கேட்பார், கொடுங்கள்.

கே: ஆறு வயது மகன் பனியன் போட்டாலே அழுகிறான், தையல் குத்துகிறதாம். அடம் என்கிறார் கணவர். – திருச்சி வாசகி

ப: அடமாக இருக்காதம்மா. நமக்கு உறைக்காத உரசல் சில குழந்தைகளுக்கு உண்மையிலேயே வேதனை தரும். பனியனை உள்பக்கம் வெளியே வரத் திருப்பிப் போட்டுவிடுங்கள், ஓவர்லாக் மேடு தோலில் படாது. கழுத்து லேபிளை வெட்டாமல் தையலைப் பிரித்து எடுங்கள், வெட்டினால் மிச்சம் இன்னும் குத்தும். குழாயாகப் பின்னிய துணியில் தைத்த பனியனுக்குப் பக்கத் தையலே கிடையாது. கடையில் கேட்டு வாங்குங்கள், இதற்காக மட்டும் ரெடிமேடை மன்னிக்கிறேன். எல்லா உடைக்கும் இப்படி அழுதால் குழந்தை மருத்துவரிடமும் ஒரு வார்த்தை கேளுங்கள். அவனைத் திட்ட வேண்டாம் என்று நான் கேட்டுக்கொண்டதாகக் கணவரிடம் சொல்லுங்கள்.