கலைஞர் என்று ஒரு சான்றிதழ்

பெறுநர்:
பண்பாட்டு விவகாரத் துறை,
நியூயார்க் மாநகரம்.

பொருள்: கலைஞர்களுக்குச் சான்றிதழ் வழங்கும் நடைமுறையை மெச்சுதல் – தொடர்பாக.

ஐயா / அம்மையீர்,

சாதிக்கு, வருமானத்துக்கு, உயிரோடு இருப்பதற்கு என்று எல்லாவற்றுக்கும் சான்றிதழ் வாங்கிப் பழகியவன் நான். ‘இவர் கலைஞர்தான்’ என்றும் சர்க்கார் எழுதித் தரலாம் என்பது எங்கள் தாலுகா ஆபீசுக்கே தோன்றாத யோசனை. உங்கள் மாநகரம் 1971-லேயே அதைச் செய்துவிட்டது: சோஹோ பகுதியின் மாடிகளில் குடியிருக்க அந்தச் சான்றிதழ் வேண்டும் என்றது.

சோஹோவின் பழைய வார்ப்பிரும்புக் கட்டடங்கள் ஜவுளிக் கிடங்குக்கும் பட்டறைக்கும் எழுந்தவை. வியாபாரம் நொடித்ததும் ஓவியர்கள் ஓசைப்படாமல் குடியேறினார்கள். 1961-ல் ஒரு சமரசம்: கலைஞர் குடியிருக்கிறார், இத்தனையாவது மாடி என்று வாசலில் ஒரு பலகை. தீப்பிடித்தால் தேடி எடுக்க வேண்டுமே! கலைக்கு அங்கே கிடைத்த முதல் அங்கீகாரம் தீயணைப்புத் துறையினுடையது.

1968-ல் சிற்பி டொனால்ட் ஜட், ஸ்பிரிங் தெரு 101-ஐ 68,000 டாலருக்கு வாங்கினார். 1870-ல் கட்டிய ஐந்து மாடி. சாப்பாட்டுக்கு ஒரு மாடி, வேலைக்கு ஒரு மாடி, தூக்கத்துக்கு உச்சிமாடி. படுக்கை தரையோடு தரையாக. பக்கத்தில் சக கலைஞர் டான் ஃப்ளாவினின் வண்ணக் குழல்விளக்குகள், மாடியின் நீளத்துக்கும். (நம் வீட்டில் ஒரு டியூப்லைட் மினுக்கினாலே தூக்கம் போயிற்று.) ஜட் காலத்துக்குப்பின் அந்தக் கட்டடத்தைப் பழுதுபார்த்து 2013-ல் பொதுமக்களுக்குத் திறக்க ஆன செலவு, சுமார் 2.3 கோடி டாலர்.

சோஹோ கட்டடங்களின் முகப்பு கல்லைப்போலப் பெயின்ட் அடித்த இரும்பு. அவற்றைக் காக்கப் போராடிய மார்கோ கெய்ல் ஆளுக்கொரு காந்தம் கொடுத்தார், ஒட்டினால் இரும்பு. கலைஞரைக் கண்டுபிடிக்க உங்களிடம் இருப்பதோ விண்ணப்பப் படிவம். பொழுதுபோக்குக்கு வரைந்தால் ஆகாது; கலைக்குப் பெரிய இடம் தேவை என்றும் நிரூபிக்க வேண்டும். வெண்பா எழுதுகிறவருக்கு நாலு அடி போதுமே, சதுர அடி எதற்கு என்று திருப்பி அனுப்பிவிடுவீர்களோ?

சான்றிதழ் அப்படியே நின்றது, வாடகை நிற்காமல் ஏறியது. வரைந்தவர்களில் பலர் புரூக்ளினுக்குப் போனார்கள், காலரிகளில் பல செல்சியாவுக்கு. கீழ்த்தளங்களில் இப்போது பெரிய பிராண்டுகளின் துணிக்கடைகள். ஜவுளிக்குக் கட்டியது ஜவுளிக்கே போய்ச் சேர்ந்தது.

2021 இறுதியில் உங்கள் மாநகர மன்றம் மாற்றுவழியும் திறந்தது: கலைஞர் குடியிருப்பைச் சாதாரண வீடாக்க, கலை நிதிக்குச் சதுர அடிக்கு 100 டாலர். 2,000 சதுர அடி வீட்டுக்கு இரண்டு லட்சம். ஜட் மொத்தக் கட்டடத்துக்கும் கொடுத்ததைப்போல் ஏறக்குறைய மூன்று பங்கு! (அன்றைய டாலர் வேறு என்று சமாதானம் சொல்லாதீர்கள்.) கலைஞராக இல்லாதிருக்க இப்படி ரேட் வைத்த ஊர் எனக்குத் தெரிந்து வேறில்லை.

ஒரே ஒரு கோரிக்கை. ‘இவர் கலைஞர் அல்லர்’ என்று முத்திரை குத்திய சான்றிதழும் தருவீர்களா? தருவதானால் படிவங்களைக் கட்டாக அனுப்புங்கள். எங்கள் ஊரில் பட்டமும் பொன்னாடையும் வாங்கிக் குவித்த சிலருக்காக, அவர்கள் சார்பில் நானே விண்ணப்பிக்கிறேன். கட்டணமும் என்னுடையதே.

இப்படிக்கு,
இடம் தேவைப்படாத எழுத்தாளன்