ஒன்று புள்ளி ஏழு மூன்று

2007-இல் என்னைக் கேட்டிருந்தால், ஊரில் விற்கிற அத்தனை லேப்டாப்பையும் ஒரே ஒரு எண்ணை வைத்து வரிசையாக நிறுத்திக் காட்டியிருப்பேன். கிகாஹெர்ட்ஸ். அது கூடினால் வேகம் கூடும், அவ்வளவுதான் விஷயம். திங்கட்கிழமை தினமலரோடு வரும் கம்ப்யூட்டர் மலரை ஒரு வரி விடாமல் படிக்கிறவன் என்பதால், திருவல்லிக்கேணியில் எங்கள் மேன்ஷனில் யார் என்ன வாங்கினாலும் என்னிடம் கேட்டுக்கொண்டுதான் வாங்குவார்கள். அத்தனை பேருக்கும் 'கிகாஹெர்ட்ஸைப் பாரு' என்று ஒரே பதில்தான் சொல்லி அனுப்பினேன். யாரும் திரும்பி வந்து சண்டை போட்டதில்லை. அந்தத் தைரியத்தில்தான் என் சொந்தக் காசையும் எடுத்துக்கொண்டு, வாலாஜா சாலை வழியாக ரிச்சி ஸ்ட்ரீட்டுக்கு நடந்தே போனேன்.

மாடிப்படிக்குக் கீழே இருந்த கடை. மேஜைமேல் இரண்டு லேப்டாப். ஒன்றில் பென்டியம் டூயல் கோர் டி2080, 1.73 கிகாஹெர்ட்ஸ். இன்னொன்றில் கோர் 2 டுயோ டி5500, 1.66 கிகாஹெர்ட்ஸ். எண் குறைந்ததற்கு ஐயாயிரம் ரூபாய் அதிகம்! யாரை ஏமாற்றப் பார்க்கிறார்கள் என்று எனக்குச் சிரிப்பே வந்துவிட்டது. அதுவும் பென்டியம் என்பது சின்ன வயதிலிருந்து கேட்ட பெயர். இந்த 'கோர் 2' யார் வீட்டுப் பிள்ளை?

பழைய மதர்போர்டு ஒன்றைச் செய்தித்தாளில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு சர்வீஸுக்குக் காத்திருந்த ஒருவர், தானாகவே வாயைத் திறந்தார். "தம்பி, கேஷைப் பாருங்க. அதுல ரெண்டு எம்பி, இதுல ஒண்ணுதான். அது 64 பிட்டு வேற." மடியில் செத்த மதர்போர்டோடு உட்கார்ந்திருப்பவர் எனக்கு யோசனை சொல்கிறாரா என்று நினைத்தேன். மரியாதைக்குத் தலையாட்டிவிட்டு 1.73-க்குப் பணத்தை எண்ணிக் கொடுத்தேன்.

அவர் சொன்னதில் ஒரு சொல்கூடப் பிசகில்லை என்பது பிறகுதான் தெரிந்தது. கிகாஹெர்ட்ஸ் பித்து பென்டியம் 4 காலத்தில் ஏற்றிவிடப்பட்டது. அந்த பென்டியம் 4-ஐப் போட்டவர்களே 2003-இல் இஸ்ரேலின் ஹைஃபாவில் இருந்த தங்கள் குழு வடிவமைத்த பென்டியம் எம்-ஐக் கொண்டுவந்து, குறைந்த துடிப்பில் அதிக வேலை வாங்கலாம் என்று காட்டிவிட்டார்கள். 2006-இல் வந்த கோர் 2 அந்த வழியில் இன்னும் ஒரு படி மேலே. டீ மாஸ்டர் நிமிஷத்துக்கு எத்தனை தடவை ஆற்றுகிறார் என்பதா கணக்கு? எத்தனை கிளாஸ் மேஜைக்கு வருகிறது என்பதுதானே. கேஷ் என்பது அவர் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிற சர்க்கரை டப்பா. அது சின்னதாக இருந்தால் ஒவ்வொரு தடவையும் பின்கட்டு மூட்டைக்கு ஓட வேண்டும். என் டி2080-க்கு டப்பாவும் பாதி, பின்கட்டுக்குப் போகும் நடையும் இடுக்கு: அதன் பஸ் வேகம் 533, டி5500-க்கு 667. உள்ளே இருந்தது கோர் 2-வுக்கு முந்தைய தலைமுறைச் சரக்கு. பெயர் மட்டும் பென்டியம். பெரிய வீட்டு இனிஷியலைப் போட்டுக்கொண்டு கல்யாணத்துக்கு வருகிற தூரத்துச் சொந்தம்.

ஆனால் இதெல்லாம் அப்போது எனக்கு உறைக்கவே இல்லை. காரணம், 512 எம்பி ராம். அதன்மேல் விஸ்டாவைப் போட்டு விற்றிருந்தார்கள். காலையில் பட்டனை அழுத்திவிட்டு வாளியும் துண்டுமாகப் பொதுக் குளியலறை வரிசையில் போய் நிற்பேன். குளித்து, துவைத்து, கொடியில் போட்டுவிட்டு வந்தால், திரையில் அந்த வட்டம் இன்னும் சுற்றிக்கொண்டிருக்கும். அறை நண்பன் பிடிவாதமாக டி5500 வாங்கினான். அவனுக்கும் அதே 512, அதே விஸ்டா, அதே வட்டம். அவனும் வாளியோடு என் பின்னால்தான் நிற்பான். ஐயாயிரம் ரூபாய் கூடக் கொடுத்து அதே வரிசையில் நிற்கிறானே என்று எனக்குள் ஒரு குளிர்ச்சி. அந்தச் சில மாதங்களில் என்னைவிடக் கெட்டிக்காரன் சென்னையில் இல்லை.

இருவரும் ஆளுக்கொரு ஒரு ஜிபி ராம் வாங்கிச் செருகிய நாளோடு அது முடிந்தது. வீடியோ ஒன்றை மாற்றக் கொடுத்துவிட்டு இரண்டு பேரும் செகண்ட் ஷோ போனோம். திரும்பி வந்தபோது அவனுடையது முடிந்து சும்மா கிடந்தது. என்னுடையது, மூலையில் விசிறி கதற, இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. 'படம் நல்லா இருந்துச்சுல்ல' என்று பேச்சை மாற்றினேன்.

64 பிட் கணக்குத் தீர்ந்தது பத்து வருஷம் கழித்து. விண்டோஸ் வேண்டாம் என்று அதில் உபுண்டு போட்டு வைத்திருந்தேன். 2016-இல் குரோம், 32 பிட் லினக்ஸுக்குக் கதவைச் சாத்தியது. அடுத்த வருஷம் உபுண்டுவும் 32 பிட்டுக்கு டெஸ்க்டாப் வெளியிடுவதை நிறுத்திக்கொண்டது. நண்பனின் டி5500 தேனியில் அவன் அப்பாவுக்குப் பஞ்சாங்கம் பார்க்க ஓடிக்கொண்டிருந்த நாளில் என்னுடையது பரணுக்கு ஏறியது.

போன நவம்பரில் மறுபடி ரிச்சி ஸ்ட்ரீட். இந்த முறை நடக்கவில்லை, அரசினர் தோட்டம் மெட்ரோவில் இறங்கினேன். கூடவே மகள். பிளஸ் ஒன், சி பிளஸ் பிளஸ் பாடம் இருக்கிறது. கடைக்கு இப்போது கண்ணாடிக் கதவு, ஏசி. ஏதோ ஒரு கம்பெனியில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற லேப்டாப்புகள் அடுக்கடுக்காக இருந்தன. மூடியில் ஒட்டியிருந்த அடையாளச் சீட்டைக் கிழித்த இடத்தில் பசை மட்டும் பிசுபிசுவென்று மிச்சம்.

கடைப் பையன் இரண்டை எடுத்து வைத்தான். ஐ7-7500யு, 2.7 கிகாஹெர்ட்ஸ். ஐ5-8250யு, 1.6 கிகாஹெர்ட்ஸ். ஐ7-க்கு ஆயிரத்தைந்நூறு அதிகம். "ஐ7 சார்," என்றான். நான் பேசாமல் நிற்பதைப் பார்த்து, காது கேட்கவில்லை என்று நினைத்தானோ என்னவோ, "ஐ செவன்!" என்றான்.

பதினெட்டு வருஷம் காத்திருந்த பரீட்சை இது. பெயரும் அந்தப் பக்கம், எண்ணும் அந்தப் பக்கம், விலையும் அந்தப் பக்கம். மூன்றும் சேர்ந்து பொய் சொன்னால் ஒருவன் என்னதான் செய்வான்? அந்த ஐ7 2016-இல் வந்தது, இரண்டே கோர். ஐ5 அதற்கு அடுத்த வருஷம் வந்தது. நான்கு கோர், கேஷும் நான்குக்கு ஆறு எம்பி. இரண்டும் கணக்குக்கு அதே 15 வாட். 1.6 என்பது அது நிதானமாக நடக்கிற நடை. ஓட வேண்டுமென்றால் 3.4 வரை ஓடும். ஐ7 ஓடுவது 3.5. ஒற்றை வேலையில் இரண்டும் அக்கம் பக்கம், நாலு வேலையைச் சேர்த்துக் கொடுத்தால் ஐ7 பின்தங்கிவிடும். மெல்லிய உடம்பில் சூடு ஏறினால் ஐ5-உம் மூச்சு வாங்கும், அதையும் சொல்லிவிட வேண்டும். போதாக்குறைக்கு, விண்டோஸ் 11 பொதுவாக எட்டாம் தலைமுறைக்குக் கீழே ஏற்றுக்கொள்வதில்லை. விண்டோஸ் 10-க்கு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு சாதாரண ஆதரவு நின்றுபோனது. ஏழாம் தலைமுறை ஐ7-கள் அங்கே அப்படிக் குவிந்து கிடந்ததற்கு வேறு காரணம் தேட வேண்டியதில்லை.

நான் டாஸ்க் மேனேஜரைத் திறந்து, "கோர் எத்தனைன்னு பாருப்பா, லாஜிக்கல் ப்ராசஸர் எத்தனைன்னு பாரு" என்று விரலை வைத்துக் காட்டினேன். பையன் என்னைப் பார்த்த பார்வை எனக்குப் பழக்கமானது. மதர்போர்டுக்காரரை நான் பார்த்த அதே பார்வை.

"அப்பா, சார்ஜர் டைப்-சியா?" என்றாள் மகள். ஐ5-க்கு டைப்-சி. அவளைப் பொறுத்தவரை ஒப்பீடு அங்கேயே முடிந்துவிட்டது.

வீட்டுக்கு வந்து பின்மூடியைக் கழற்றினேன். விசிறியில் பஞ்சு மெத்தை மாதிரி தூசி. ப்ராசஸர்மேல் பூசிய பேஸ்ட், முந்தின நாள் நெற்றியில் இட்ட சந்தனம்போல் காய்ந்து வெடித்திருந்தது. சுரண்டித் துடைத்து, புதிதாக ஒரு பொட்டு வைத்து மூடினேன். எட்டு த்ரெட், 3.4 கிகாஹெர்ட்ஸ், எஸ்.எஸ்.டி. என்று என் வாழ்க்கையிலேயே சரியாக வாங்கிய ஒரே லேப்டாப். மகள் அதில் எழுதிய முதல் ப்ரோகிராம், ஒன்றிலிருந்து நூறு வரை பகா எண்களை அச்சிடுவது. அதை டி2080-உம் கண் சிமிட்டுவதற்குள் போட்டிருக்கும்.

தை மாதம் மாமியார் ஊரிலிருந்து வந்தார். எங்கள் கல்யாண டிவிடியைப் பார்க்க வேண்டும் என்றார். புது லேப்டாப்பைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தோம், தட்டைச் செருக வழியே இல்லை. மனைவி ஒன்றும் சொல்லாமல் பரணைக் காட்டினாள்.

ஜவுளிக்கடைக் கட்டைப்பைக்குள் இருந்தது. பேட்டரி எப்போதோ போய்விட்டது. சார்ஜர் பின்னைக் கொஞ்சம் சாய்த்துப் பிடித்தால்தான் உயிர் வரும். மகளைப் பிடிக்கச் சொன்னேன். மணிக்கட்டு தேய்த்துத் தேய்த்து ஸ்டிக்கரில் பாதி எழுத்து அழிந்திருந்தது. தேதி 2007 ஜனவரி 1 என்றது. விசிறி கிரைண்டர்போல் ஒரு சத்தம் போட்டு அடங்கியது. டிவிடி உள்ளே போய் இரண்டு தடவை முனகியது. பிறகு நாதஸ்வரம் கேட்டது. மீசையும் அடர்ந்த முடியுமாக நான் மணவறையில் உட்கார்ந்திருந்தேன். மகள் பின்னை விட்டுவிடாமல் விழுந்து விழுந்து சிரித்தாள். தாலி கட்டி, மெட்டி போட்டு, பந்தி வரை ஓரிடத்திலும் நிற்கவில்லை.

மாமியார் கண்ணைத் துடைத்துக்கொண்டு திரும்பினார்.

"நல்லாத்தானே ஓடுது. இது இருக்க, அத எதுக்கு மாப்பிள்ளை புதுசா வாங்குனீங்க?"