பூவரசங்கம்பு எடுத்த இயக்குநர்

கே: போன கிழமை மிலோஷ் ஃபோர்மன் என்ற பேரைச் சும்மா தொட்டுவிட்டுப் போனீர்கள். யார் அந்த மனிசன்?
– வேலணை வாசகர்

ப: செக் நாட்டுக்காரர். 1932இல் பிறந்தவர். தாயும் தகப்பனும் நாஜி முகாம்களில் மாண்டுபோக, சொந்தபந்தங்களின் வீடுகளில் வளர்ந்தார். பின்னாளில் அமெரிக்காவில் எடுத்த 'வன் ஃப்ளூ ஓவர் த குக்கூஸ் நெஸ்ட்' படத்துக்கு ஐந்து ஒஸ்கார், 'அமடேயஸ்' படத்துக்கு எட்டு. இந்தப் பதின்மூன்றையும் ஒரு தட்டில் வைத்தாலும், 1967இல் சொந்த நாட்டில் எடுத்த 'தீயணைப்புப் படையின் நடன விருந்து'தான் எனக்குப் பாரமாகத் தெரிகிறது.

கே: அதில் அப்படி என்னதான் இருக்கு?
– ஊர்காவற்றுறை வாசகர்

ப: ஒரு சின்ன ஊர். தொண்டர் தீயணைப்புப் படை விழா வைக்கிறது. அதிர்ஷ்டலாபச் சீட்டுக்கு மேசையில் அடுக்கிய பரிசுச் சாமான்கள் ஒவ்வொன்றாகக் காணாமல் போகின்றன. "எடுத்த ஆட்கள் இருட்டில் திருப்பி வைக்கட்டும்" என்று விளக்கை அணைக்கிறார்கள். விளக்குத் திரும்ப எரியும்போது மிச்சச் சாமானும் இல்லை! திருப்பி வைக்க வந்த ஒரேயொரு யோக்கியன் மட்டும் கையும் மெய்யுமாகப் பிடிபடுகிறான். அவனும் படையில் ஒருத்தன். உடனே கூட்டம் போடுகிறார்கள். களவைப் பற்றி அல்ல, படையின் மானத்தைப் பற்றி. இது எந்தக் கோயில் நிர்வாகசபை, எந்தச் சனசமூக நிலையம் என்று என்னிடம் கேட்க வேண்டாம். நான் ஊரில் இருக்கவேணும். செக் அதிகாரிகளுக்கு அதில் தங்கள் கட்சியே தெரிந்துவிட்டது. 1968 ஆகஸ்டில் சோவியத் டாங்கிகள் பிராக்குக்குள் வந்தன. பிறகு படம் பெட்டிக்குள் போயிற்று. டாங்கிகள் வந்த நேரம் பாரிசில் நின்ற ஃபோர்மன் அமெரிக்காவில் குடியேறினார்.

கே: நாட்டை விட்டுப் போனால்தான் கலைஞன் பெரிய ஆள் ஆவானோ?
– புங்குடுதீவு வாசகி

ப: புங்குடுதீவில் இருந்து இந்தக் கேள்வியா, தங்கச்சி! உங்கள் ஊர்ப் பொங்கல் பாதி பாரிசிலும் ரொறன்ரோவிலும் அல்லவா பொங்குது. போகாமல் நின்றவரும் உண்டு: அதே நாட்டு இயக்குநர் யிரி மென்சல். 28 வயதில் எடுத்த முதல் முழுநீளப் படத்துக்கு 1968இல் ஒஸ்கார். அடுத்த வருடம் எடுத்த 'நூலில் கட்டிய வானம்பாடிகள்' திரைக்கு வராமலே பூட்டப்பட்டது. 1990இல் பூட்டுத் திறக்க, அதே வருடம் பெர்லினில் தங்கக் கரடி விருது. இடையில் அரசுக்குப் பணிந்து, பழைய படங்களை மறுத்துச் சொல்லித்தான் மறுபடி கமராவைத் தொட்டார். அவரைக் கோழை என்பவர்கள் உண்டு. எனக்கு அந்த வாய் வராது. வாயைப் பொத்திக்கொண்டு இங்கே சம்பளம் எடுத்தவன் நான்.

கே: மென்சல் தயாரிப்பாளரை அடித்தவராமே? பகிடியா, உண்மையா?
– அனலைதீவு வாசகர்

ப: உண்மை. 1998, கார்லோவி வாரி திரைப்பட விழா. சனத்துக்கு முன்னால் கம்பால் விளாசினார். தான் எடுக்க ஆசைப்பட்ட, செக் எழுத்தாளர் ஹ்ராபாலின் நாவல் உரிமையைக் கைமாற்றிவிட்டார் என்ற கோபம். அங்கே பூவரசு இருந்திருந்தால் தயாரிப்பாளர் பாடு இன்னும் மோசம். 2006இல் அந்தப் படத்தைக் கடைசியில் மென்சலே எடுத்தார். பூவரசங்கம்பு முறிய முறிய அடித்தும் எனக்குக் கணக்கு வரவில்லை.

கே: மென்சலின் ஒஸ்கார் படம் ரயில் நிலையக் கதை என்கிறார்கள். தீவகத்தில் ரயிலே இல்லையே, எங்களுக்கு விளங்குமா?
– நயினாதீவு வாசகி

ப: குறிகட்டுவான் துறையில் படகுக்குக் காத்து நின்ற ஆளுக்கு முதல் காட்சியிலேயே விளங்கும்.

கே: செக்கை விடுங்கோ. எங்கள் தீவுகளைச் சினிமா எட்டிப் பார்த்ததா?
– நெடுந்தீவு வாசகர்

ப: உங்கள் ஊருக்குத்தான் முதல் மரியாதை. வாடைப் பருவத்தில் வந்து வாடி போடும் மீனவர்களை வைத்துச் செங்கை ஆழியான் எழுதிய 'வாடைக்காற்று', 1978இல் பிரேம்நாத் மொறாயஸ் இயக்கத்தில் படமானது. அடுத்தது அல்லைப்பிட்டி. அங்கே 1967இல் பிறந்த ஷோபாசக்தி, பொடியனாக ஆயுத இயக்கத்தில் சேர்ந்து, விலகி, 1993இல் பிரான்ஸ் போய், 'கொரில்லா' எழுதி, கடைசியில் நடிகரும் ஆனார். அவர் எழுத்திலும் நடிப்பிலும் பங்கெடுத்த, லீனா மணிமேகலையின் 'செங்கடல்' படத்துக்கு இந்தியத் தணிக்கைக்காரர் முதலில் சான்றிதழ் மறுத்தார்கள். பூட்டும் திறப்பும் பிராக்கில் மட்டும் விற்கிற சாமான் இல்லை. 2015இல் ஜாக் ஓடியார் இயக்கிய 'தீபன்' படத்தில் அவர்தான் தீபன். கான் விழாவில் அதற்குக் கிடைத்தது தங்கப் பனை. அந்த ஊர்ப் பனையில் கள்ளும் இல்லை, நுங்கும் இல்லை. இருந்தாலும் பனங்காட்டுப் பொடியன் ஒருத்தன் நடித்த படத்துக்குத்தானே கொடுத்தார்கள்!

ஆனால் ஒரு மனக்குறை. 'தீபன்' படத்து இலங்கைக் காட்சிகளை இந்தியாவில்தான் எடுத்தார்கள். ஃபோர்மனோ, தன்னைத் துரத்திய அதே ஆட்சி இருக்கும்போதே பிராக்குக்குத் திரும்பி வந்து 'அமடேயஸ்' எடுத்தார். ஜூலை 4ஆம் திகதி, படப்பிடிப்பு நடந்த அரங்கில் யாரோ பகிடிக்கு அமெரிக்கக் கீதத்தைப் போட்டார்களாம். துணை நடிகர்கள் எல்லாரும் எழும்பி நிற்க, சிலர் மட்டும் திருதிருவென்று ஒருவரையொருவர் பார்த்தபடி இருந்தார்களாம். கூட்டத்தில் ஒளிந்திருந்த ரகசியப் பொலிஸ் அவர்கள்தான் என்று ஃபோர்மன் பின்னர் சொல்லிச் சிரிப்பார்.

கே: உங்கள் கையில் கமரா தந்தால் தீவகத்தில் எந்தக் கதையை எடுப்பீர்கள்?
– எழுவைதீவு வாசகர்

ப: 1985 மே 15 காலை, நெடுந்தீவில் இருந்து புறப்பட்டு, நடுக்கடலில் பயணிகள் வெட்டிக் கொல்லப்பட்ட குமுதினி. ஒரு படகு, ஒரு மணித்தியாலக் கடல். வசனம் எழுத என்னைக் கூப்பிட வேண்டாம்.