நீஸ் நானா

அக்குறணையில் துபாய் போய் வந்தவரை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. உம்றா போய் வந்தால் பேரீச்சம்பழமும் ஸம்ஸம் தண்ணீரும் வீட்டுக்கு வரும், அத்தோடு சரி. ஆனால் இப்போது இன்னொரு வகையார் அங்கொருவர் இங்கொருவராக முளைத்திருக்கிறார்கள். பாரிஸில் இருக்கும் மருமகனைப் பார்க்கப் போவார்கள். அவன் மூன்று நாள் லீவு போட்டு, பிரான்சின் தென்கரையில் நீஸ் நகரத்துக்குக் கூட்டிப்போவான். அந்த மூன்று நாளை வைத்து ஊரில் மூன்று வருஷம் ஓட்டுவார்கள்.

எங்கள் ஏழாம் கட்டை நானா கராம்பு, மிளகு வியாபாரி. விசாவுக்கு 90 யூரோ கட்டும்போது அவர் வாயிலும் அந்த ஊர் ‘நைஸ்’தான். திரும்பி வந்த மறுநாள் சில்லறைக் கடையில், “நீஸ் பிஸ்கட் ஒரு பக்கட் தாங்கொ” என்றார். அப்படியொரு பிஸ்கட் இன்னும் வரவில்லை என்று பொடியன் சத்தியம் செய்தான்.

மலையில் பிறந்த நமக்குக் கடல் என்றால் காலிமுகத்திடல், இஸ்ஸோ வடை, திரும்பும் வழியில் கடுகண்ணாவை வளைவில் வாந்தி. நானாவின் கடல் வேறு.

“மணலே இல்ல தம்பி. எல்லாம் உருண்டக் கல்லு. அந்தக் கல்லில படுக்கக் கட்டிலொண்டு வாடகைக்கி எடுக்கோணும்.”

பிங்கா ஓயாவிலும் நல்ல கல் கிடக்கிறதே, படுத்தால் யாரும் காசு கேட்கமாட்டார்களே என்றேன்.

“அது வேற கல்லு.”

கரையில் படுத்திருப்பவர்களின் உடுப்பு எப்படி என்று சலூனில் யாரோ மெல்ல விசாரித்தார்கள். “நான் கடலத்தான் பாத்த” என்றார் நானா. அவருடைய போனில் நாற்பது படம் ஈக்கி. நாற்பதிலும் கடல் அவருக்கு முதுகுப் பக்கம்.

விஷயம் தெரியாதவர் என்றும் சொல்ல முடியாது. குளிருக்குப் பயந்து வந்து தங்கிய இங்கிலீஷ்காரர்கள் 1820களில் காசு போட்டு வெட்டிய பாதைதான் இன்றைய ஏழு கிலோமீற்றர் கடற்கரைச் சாலை என்பார். பகல் 12 மணிக்கு அங்கே வெடிச்சத்தம் கேட்குமாம். 1860களில் ஒரு ஸ்கொட்லாந்துக்காரர், மனைவி ஊர்க்கதை பேசி நின்று பகல் சாப்பாட்டைப் பிந்தவைக்கிறாள் என்று பீரங்கி வைத்தாராம். இதை நானா வீட்டில் மிக ஆசையோடு சொல்லியிருக்கிறார். “லுஹர் தொழுதிட்டுச் சந்தியில நிண்டு மூணு மணிக்கி வாரது நானா? பீரங்கிய ஒங்கட கடைக்கிப் பக்கத்தில வைக்கச் சொல்லுங்கொ” என்றாராம் மனைவி.

மொனாக்கோவுக்கும் ஒரு பின்னேரம் போயிருக்கிறார். “ரெண்டு சதுரக் கிலோமீற்றர் சொச்சந்தான். ஆறாங் கட்டையில தொடங்கி ஏழாங் கட்டைக்கி நடந்தா நாடு முடிஞ்சிரும்.” ரயிலில் அரை மணித்தியாலம்கூட இல்லையாம். கட்டுகஸ்தோட்டைப் பாலத்தில் நெரிசலில் நிற்கும்போது இதைச் சொல்லாமல் அவரால் இருக்க முடியாது.

ஒன்றை மட்டும் அவர் பெருமை கலக்காமல் சொல்வார். பழைய சந்தைப் பக்கம் ஸொக்கா என்று ஒரு ரொட்டி. கடலை மாவைத் தண்ணீரும் ஒலிவ் எண்ணெயும் விட்டுக் கரைத்துப் பெரிய செப்புத் தட்டில் ஊற்றி விறகடுப்பில் சுடுவார்கள். மேலே மிளகுத்தூள் தூவித் தருவார்கள். நானா அந்தத் தூளை விரலில் தொட்டு முகர்ந்தாராம். “நம்மட மாத்தளைச் சரக்கு இல்ல. காரம் காணா.” அந்த இடத்தில் மட்டும் அவர் முகம் வியாபாரியின் முகமாக மாறும்; எனக்குப் பிடித்த நானா அவர்தான்.

நீஸ் யுனெஸ்கோ உலக மரபுரிமையாக்கும் என்று ஒருநாள் ஆரம்பித்தார். “அது 2021ல. எங்கட கண்டி 1988லயே ஆயிட்டு” என்றார் கத்தரியைக் கீழே வைக்காமலே சலூன்காரர். இரண்டு நாள் நானா அந்தப் பக்கம் வரவில்லை.

நீஸில் கடலைப் பார்த்தபடி நீலக் கதிரைகள் வரிசையாக இருக்குமாம். அதே நிறத்தில் ஒரு பிளாஸ்டிக் கதிரை வாங்கிக் கடை வாசலில் போட்டார். எதிரே ஏ9 வீதி; யாழ்ப்பாணம் போகும் லொறிப் புகை. பிளேன்டீயோடு கால்மேல் கால் போட்டு அமர்வார்.

பிறகு மழை பிடித்தது. வழக்கம்போலப் பிங்கா ஓயா டவுனுக்குள் வந்தது. மிளகுச் சாக்குகளைத் தட்டில் ஏற்ற நாங்கள் ஓடினோம். நானா சாரத்தை மடித்துக் கட்டி, முழங்கால் தண்ணீரில், நீலக் கதிரையைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்து நின்றார்.

“நானா, கடல் வாசலுக்கே வந்திட்டே!”

“மெடிட்டரேனியன் இப்பிடி ஏறாது தம்பி,” என்றார் அந்த நிலையிலும். “இன்னா, கதிரயப் பிடிங்கொ.”