ஸ்க்ரூ அண்ணன்

ஹட்டனிலிருந்து நுவரெலியாவுக்குப் போகும் ஏ7 பாதையில் சைக்கிள் செயின் மக்கர் பண்ணினால் உதவிக்கு ஆள் தேட வேண்டியதில்லை. டெவன் நீர்வீழ்ச்சி தெரியும் வளைவில் சும்மா நின்று பாருங்கள். அருவியைப் பார்க்க வந்த கூட்டம் திரும்பி உங்களைப் பார்க்கும். அதில் ஒருவர் மட்டும் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு கிட்ட வருவார். அவர்தான் ஸ்க்ரூ அண்ணன்.

கொட்டகலையில் ஒருவர், தலவாக்கலையில் ஒருவர், நானுஓயாவில் ஒருவர் என்று ஊருக்கு ஊர் இருக்கிறார்கள். ஆள்தான் வேறு, ஸ்க்ரூடிரைவர் ஒன்றே. எனக்கு வாய்த்தவர் தேயிலை ஸ்டோரில் பிட்டராக இருந்து ஓய்ந்தவர். நடுச்சாமத்தில் ரோலர் நின்றுபோனால் டீமேக்கர் ஆளனுப்பி எழுப்பிய மனிதர். அவரை இலேசாக நினைக்கக் கூடாது. சங்கடம் என்னவென்றால், அவர் சைக்கிளை இலேசாக நினைத்துவிட்டார்.

"என்னா விலை தம்பி?"

சொன்னேன். (சொல்லக் கூடாது. கேட்டால் பாதியைச் சொல்ல வேண்டும்.)

"இந்தக் காசுக்கு மோட்டார் சைக்கிளே எடுத்திருக்கலாமே. நம்ம லுமாலா சைக்கிள்ல இந்தக் கோளாறெல்லாம் வராது."

வராதுதான். ஒற்றைப் பல்சக்கரத்தை விட்டுச் செயின் எங்கே தாவும்? டூர் டி பிரான்ஸ் நடத்தியவர்களும் ஒரு காலத்தில் அண்ணன் கட்சிதான். 1937 வரை கியர் மாற்றியைப் பந்தயத்துக்குள் விடவில்லை. அண்ணனுக்கு இந்தச் சேதி தெரியாதது என் நல்ல காலம்.

"என்னாதான் பண்ணுது?"

"பெரிய பல்லுக்கு ஏறத் தயங்குதுண்ணே. பின்சக்கரத்துப் பல்லடுக்கு, அதான் கேசட், தேஞ்சிருக்குமோன்னு பாக்கிறேன்."

"கேசட்டா? பென்சில விட்டுச் சுத்துங்க" என்று கூட்டத்திலிருந்து ஒரு குரல்.

அண்ணன் சிரிக்கவில்லை. வைத்தியர் சிரிக்க மாட்டார். குந்தி உட்கார்ந்து செயினைக் கிள்ளிப் பார்த்து, "லூசா இருக்கு, ஒரு கண்ணிய வெட்டிருவோம்" என்றார். நான் பாய்ந்து தடுத்தேன். செயின் தேய்ந்து நீண்டதா என்று தையற்காரர் டேப்பே சொல்லிவிடும்: 24 கண்ணி சரியாக 12 அங்குலம் இருக்க வேண்டும். அங்குலத்தில் பதினாறில் ஒரு பங்கு கூடினாலே செயினையே மாற்ற வேண்டும், வெட்டினால் தீராது.

வெட்டக் கிடைக்காத கை ஸ்க்ரூவுக்குப் போனது. கியர் மாற்றியின் முதுகில் 'எச்', 'எல்' என்று இரண்டு குட்டி ஸ்க்ரூக்கள். அவை வேலிகள். ஒன்று செயின் சின்னப் பல்லைத் தாண்டி வெளியே விழாமலும், மற்றது பெரிய பல்லைத் தாண்டிச் சக்கரக் கம்பிக்குள் பாயாமலும் காக்கும். ஒருமுறை வைத்துவிட்டால் வேலி தானாக நகராது. நகர்வது கேபிள். 1984-ல் ஷிமானோ கொண்டுவந்த முறைப்படி லீவரின் ஒவ்வொரு 'க்ளிக்'கும் இத்தனை கேபிள் என்று அளந்து இழுக்கும். கேபிள் கொஞ்சம் தளர்ந்தாலும் எல்லாப் பல்லிலும் கணக்குப் பிசகும். அதற்கு மருந்து, கேபிள் வந்து நுழையும் இடத்துக் குமிழைக் கடிகார முள்ளுக்கு எதிராகக் கால் சுற்று திருகுவது. நான் அதைத் திருகிப் பார்த்தேன். கேட்கவில்லை. கீழ்ப் பல்லுக்கு இறங்கத் தயங்கினால் கேபிள் உறைக்குள் துரு என்று கொள்ளலாம், ஆடி மழை அதைத் தாராளமாகத் தருகிறது. என் வண்டி தயங்கியது ஏறுவதற்கு.

"குமிழெல்லாம் பிள்ளைக வெளையாட்டு" என்று அண்ணன் எல்-ஐ இரண்டு சுற்றுத் தளர்த்தினார். இன்னொருவர் அன்போடு த்ரீவீல் எஞ்சின் ஒயிலை ஊற்றினார். ரோட்டுப் புழுதி அதில் ஒட்டினால் செயின் பல்லை அம்மியில் வைத்த மாதிரி அரைக்கும். பெடலைச் சுற்றினார்கள். செயின் கம்பிக்குள் பாய்ந்தது. ஏற்றத்தில் நான் மிதிக்கும்போது இது நடந்திருந்தால் கியர் மாற்றியே பிய்ந்து சக்கரத்தோடு சுற்றியிருக்கும். நுவரெலியா 1868 மீட்டரில் இருக்கிறது. அந்தப் பெரிய பல் இல்லாமல் என் கால் அங்கே போகாது.

கூட்டம் அருவி பக்கம் திரும்பியது. அண்ணன் மட்டும் எழுந்து வண்டிக்குப் பின்னால் போனார். ஒற்றைக் கண்ணை மூடினார். வெகுநேரம் பார்த்தார்.

"தம்பி, ஸ்டோர்ல பெல்ட் கழண்டா பெல்ட்டப் பாக்க மாட்டோம். ரெண்டு புல்லியும் ஒரே நேரா நிக்குதான்னுதான் பாப்போம். இது உள்ளுக்குக் கோணியிருக்கு."

கோணித்தான் இருந்தது. கியர் மாற்றியைச் சட்டத்தோடு பிடிக்கும் ஹேங்கர், சட்டம் உடையாமல் தான் வளையட்டும் என்று மெத்தென்ற அலுமினியத்தில் செய்த துண்டு. அன்று காலை ஹட்டன் ஸ்டேஷனில் இறங்கி, த்ரீவீலின் பின்சீட்டில் வண்டியை வலப்பக்கம் கீழாகப் படுக்க வைத்துக் கொண்டுவந்தவன் நான்தான். இத்தனை நேரம் கேபிள் பாடம் நடத்தியவனும் நான்தான்.

அண்ணன் ஆறுகோணச் சாவியை மாட்டி, ரோலருக்குச் செய்வதுபோல் மெல்ல நெம்பி நேராக்கினார். காசு நீட்டினேன்; வாங்கவில்லை. பிளேன்டீ மட்டும் போதும் என்றார். அவர் தளர்த்திய எல்-ஐப் பழைய இடத்துக்குக் கொண்டுவர எனக்கு முக்கால் மணி நேரம் பிடித்தது.

அந்தப் பக்கம் போகிறவர்களுக்கு ஒரு விண்ணப்பம். வண்டியை எப்போதும் இடப்பக்கம் கீழாகப் படுக்க வையுங்கள். அப்படியும் கோளாறு வந்து அண்ணன் வந்தால், முதலில் அவரைப் பின்னால் நின்று பார்க்கச் சொல்லுங்கள். அவர் பார்த்து முடிக்கும் வரை அந்த ஸ்க்ரூடிரைவரை நீங்கள் பிடித்துக்கொள்ளுங்கள்.